மச்சாள் செலவில் தீம் பார்க்

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்கு அது சரிவராது. பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு அடைவு கடையில் நகை வாங்கும் மேசையில் இருக்கிறேன். சனம் கொண்டுவரும் காப்பையும் சங்கிலியையும் கல்லில் உரசி, தராசில் போட்டு, கொண்டுவந்தவரின் முகத்தையும் ஒருக்கால் வடிவாகப் பார்த்துவிட்டுத்தான் காசுக்குச் சொல்லுவேன். அளவுக்கு மிஞ்சிச் சிரித்துக்கொண்டு வருகிறவரின் சங்கிலியை இரண்டு தரம் உரசுவேன்.

அதனால்தான், கனடாவில் இருக்கும் என் மச்சாள், அதாவது செத்துப்போன என் கணவரின் தங்கை, ஒருநாள் வீடியோ கோலில் முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து, "மச்சாள், இந்த முறை நாங்கள் வரேக்கை எல்லாரும் ஒண்டாத் தீம் பார்க்குக்குப் போவம், முழுச் செலவும் என்ரை" என்று சொன்னபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. பயம் வந்தது.

மச்சாள் கெட்டவள் இல்லை. ஆனால் சரியான கசவாரம். காசு அவளுடைய கையை விட்டு இலேசில் இறங்காது. போன முறை வந்தபோது எனக்குத் தந்தது மூன்று சவர்க்காரக் கட்டியும், திகதி முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்த சொக்கிலேற்றும். அப்படிப்பட்டவள் வான் பிடித்து, டிக்கெட் எடுத்து, தங்க இடமும் போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

அப்போதுதான் என் மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்திருந்தது. பொறியியல் படிப்பு, கண்டிப் பக்கம். எனக்கு அவள் ஒரே பிள்ளை. அவள் ஏழாம் ஆண்டு படிக்கும்போது தகப்பன் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அதற்குப் பிறகு அரியாலை வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு இந்த உலகத்தில் நகை வேண்டாம், நட்டு வேண்டாம். அவள் அந்தப் படிப்புக்குப் போகவேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை, அது ஒன்றுதான் என் பயம்.

ஆனால் அனுமதி வந்த பிள்ளை துள்ளவில்லை. "பதிஞ்சிட்டியோ?" என்று கேட்டால், "பதிவம் அம்மா, இன்னும் நாள் கிடக்கு" என்பாள். "கண்டிக்குளிருக்கு ஒரு சுவெட்டர் வாங்குவமோ?" என்று கேட்டால், "பார்ப்பம்" என்பாள். இராப்பகலாய் இருந்து படித்துப் பெற்ற இடத்தை ஒருத்தி இப்படியா பார்ப்பாள்? அதுமட்டுமில்லை, மாமியோடு, அதுதான் என் மச்சாளோடு, போனில் குசுகுசுப்பு வேறு. நான் அறைக்குள் போனால் கதை சட்டென்று மாறும். ஒருநாள் நான் தேத்தண்ணியோடு போக, "அங்கை இப்ப ஸ்னோ கொட்டுதோ மாமி?" என்று கேட்டாள். ஆடி மாதம்! ஆடி மாதத்தில் கனடாவில் என்ன கோதாரி ஸ்னோ?

எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. கனடா மாப்பிள்ளை. மச்சாள் தன் புருசன் பக்கத்தில் யாரோ ஒரு பெடியனுக்கு என் மகளைப் பேசுகிறாள். மகளும் தலையாட்டிவிட்டாள். அதுதான் பதிவு இழுபடுகிறது.

பெண் பார்க்கிறது என்றால் எங்கள் பகுதியில் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். வீட்டுக்கு வந்து சொஜ்ஜி தின்றுவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழும்பிப் போவது மரியாதைக்கேடு. அதனால் தற்செயலாகச் சந்திப்பார்கள். என்னைப் பார்த்தது சண்டிலிப்பாயில், எங்கள் ஊர்க் கோயிலில். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னிடம் அர்ச்சனைத் தட்டைத் தந்து வீதி சுற்றச் சொன்னா. தெற்கு வீதியில் ஒரு குடும்பம் நிழலுக்கு ஒதுங்கின மாதிரி நின்றது. அம்மா, "அட, நீங்களோ! ஆர் கண்டது!" என்றா. அவர்களும், "சும்மா கோயிலுக்கு வந்தனாங்கள்" என்றார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதது போல நிற்கிறதுதான் பண்பு. சரிவராவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை, ஒருவரும் ஒருவரையும் பார்க்கவே வரவில்லை. எனக்கு அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் எவர் மாப்பிள்ளை என்றுகூடத் தெரியாது. மீசை வைத்த தம்பியைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது கோயிலில் பார்ப்பது குறைந்துவிட்டது. கோயிலில் பார்த்தால் விளக்கு வைக்கும் முன்னம் அரியாலை முழுக்கத் தெரிந்துவிடும். போன வருசம் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு பிள்ளையை ஐஸ்கிரீம் கடையில் வைத்துப் பார்த்தார்கள். அப்படியானால் தீம் பார்க்கில் ஏன் பார்க்கக் கூடாது? கொழும்புக்குப் பக்கத்தில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில், ஆயிரம் சனத்துக்கு நடுவில். மச்சாளின் மூளையை நான் மெச்சத்தான் வேண்டும்.

முதலில் சிங்கப்பூர் என்றுதான் தொடங்கினாள். அங்கே பெரிய பார்க் இருக்காம், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அதைக் கேட்டு அழுகிறார்களாம். எனக்குப் பாஸ்போட்டே இல்லை. விமான டிக்கெட் விலை பார்த்ததும் அவளுக்கே வேர்த்துவிட்டது. சிங்கப்பூர் மலேசியாவாகி, மலேசியா கொழும்பாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரிக் கடைசியில் கொழும்புக்குக் கிட்ட இருக்கும் தண்ணீர்ச் சறுக்குப் பார்க்கில் வந்து நின்றது. அங்கே உள்ளூர் ஆட்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு வேறொரு விலை. "நான் வாயே திறக்கமாட்டன் மச்சாள், நீங்கள்தான் போய் டிக்கெட் எடுங்கோ" என்றாள். முழுச் செலவும் தன்னுடையது என்றவள்!

நானும் விடவில்லை. வான் கூலி என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் எடுக்க வைத்திருந்த சீட்டுக் காசைக் கழிவோடு முந்தி எடுத்தேன். மகள் கோபத்தில் துள்ளினாள். "மாமிதானே தாறன் எண்டவ, நீங்கள் ஏன் அம்மா?" என்றாள். நான் சொல்லவில்லை, ஆனால் காரணம் இருந்தது. மற்றவரின் காசில் போனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். என் காசும் போட்டால்தான் அங்கே வைத்துச் சண்டை பிடிக்க எனக்கு உரிமை இருக்கும். சண்டை வரும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

போகிற கிழமையில் வேறு புதினம் தொடங்கியது. மகள் எனக்குத் தலைக்குப் பூசுகிற மை வாங்கிக்கொண்டு வந்தாள். "நரைச்ச தலையோடை போட்டோவிலை நிக்கப் போறியளோ?" என்று சொல்லி, கிணற்றடியில் இருத்தி அப்பி விட்டாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலையும் தைத்துவைத்த சட்டையும் மச்சாள் அனுப்பின காசில் வந்தது. வெளிக்கிடும்போது மகள் என் நெற்றியில் சின்னதாய் ஒரு கறுத்தப் பொட்டையும் ஒட்டினாள். அவர் போன பிறகு நான் பொட்டு வைத்ததில்லை.

"உதென்ன விசர் வேலை?" என்று கையைத் தட்டிவிட்டேன்.

"தீம் பார்க்குக்குப் போறம் அம்மா, செத்த வீட்டுக்கில்லை" என்றாள்.

பெண்ணைக் காட்டப் போகிற இடத்தில் தாய் பாழடைந்துபோய் நிற்கக் கூடாது என்று நினைக்கிறாள், எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள் பார் என்று எனக்குப் பற்றி எரிந்தது. அவளோ பழைய டீசேட்டும் முழங்கால் வெளிறின ஜீன்ஸும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். காட்டப்படுகிற பிள்ளை இப்படியா வெளிக்கிடும் என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு விளங்கியது. கனடாப் பெடியனுக்கு இதுதான் பிடிக்குமாக்கும்.

கனடாவில் இருந்து வந்திறங்கியிருந்த மச்சாளோடும் அவளுடைய இரண்டு பிள்ளைகளோடும் வானில் வெளிக்கிட்டு, வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். "பிள்ளையாரே, என்ரை பிள்ளையைக் கம்பசுக்கு அனுப்பி வை, கலியாணத்தைப் பிறகு பார்ப்பம்" என்று கேட்டுக்கொண்டேன். கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு அறை எடுத்துத் தங்கி, விடிய வெளிக்கிட்டோம். வானில் மச்சாள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தாள். அது டிங் டிங் என்று சத்தம் போடும். எடுத்துப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், திரும்பக் கவிழ்ப்பாள்.

பார்க் வாசலில் காவல்காரன் பையைத் திறக்கச் சொன்னான். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்களாம். நான் பத்துப் பேர் தின்னக்கூடிய புட்டும், இடிச்ச சம்பலும், முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கொட்டவோ முடியும்? திரும்பி வானுக்குள் இருந்து எல்லாரும் காலைச் சாப்பாடாக அவ்வளவையும் விழுங்கினோம். மச்சாளின் பிள்ளைகள் சறுக்குகளைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு புட்டோடு அழுதார்கள். உள்ளே போனால் அடுத்த சட்டம். நைலோன் நீச்சல் உடுப்புப் போடாமல் தண்ணிக்குள் இறங்க முடியாது. மகள் வாடகைக்கு எடுத்துப் போட்டாள். நான், "உந்தக் கூத்துக்கு நான் வரேல்லை" என்று சொல்லிக் குடை விரித்த ஒரு மேசையில் இருந்துவிட்டேன். எனக்கு அதுதான் வசதி. அங்கிருந்து நாலு பக்கமும் தெரிந்தது.

நான் வேட்டையைத் தொடங்கினேன். முதலில், தொப்பி போட்ட ஒரு பெடியன் என் மகளுக்குப் பின்னால் சறுக்கு வரிசையில் நின்றான். தாய் தகப்பனும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். உவன்தான் என்று முடிவெடுத்து எழும்பிக் கிட்டப் போனால், மூன்று பேரும் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கறுத்தக் கண்ணாடிக்காரன் ஒருத்தன். அவன் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. எனக்கு வெயில் ஏறத் தொடங்கியது.

மத்தியானம் ஆகிற நேரம். மச்சாள் திடீரென்று என் பக்கத்தில் எழும்பி நின்று, கையை நெஞ்சில் வைத்து, "ஐயோ! உங்களை இஞ்சை காணுவன் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை!" என்று கத்தினாள். என் அம்மா அன்றைக்குக் கோயில் வீதியில் இதைவிட வடிவாக நடித்தவ.

மூன்று பேர் வந்தார்கள். ஐம்பதுக்குக் கிட்டின ஒரு பெண். தாடி விட்டு, கையில் போனோடு, இருபத்தைந்து மதிக்கத்தக்க ஒரு பெடியன். அவர்களுக்குப் பின்னால், பாதி நரைத்த நெடிய மனிதர் ஒருவர், தண்ணிப் பார்க்கிலும் சப்பாத்துப் போட்டு, சேட்டைக் காற்சட்டைக்குள்ளே விட்டு, எல்லாருடைய செருப்பையும் துவாயையும் ஒரு பையில் போட்டுக் காவிக்கொண்டு வந்தார். தகப்பன்மாருடைய வேலை உலகம் முழுக்க அதுதானே. தாய், தகப்பன், மாப்பிள்ளை. கணக்குச் சரி.

"இவை கொடிகாமத்து ஆக்கள் மச்சாள், இப்ப கொழும்பிலை. எங்களுக்கு ஒருவகையிலை சொந்தம்" என்றாள் மச்சாள். பெடியனை நான் மேலும் கீழும் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தான். கனடாவில் இருந்து வந்தவனாகத் தெரியவில்லை, ஆனால் இந்தக் காலத்தில் எதை நம்புகிறது?

அதற்குப் பிறகு எல்லாம் எழுதி வைத்த மாதிரி நடந்தது. "தம்பி, உந்தப் பெரிய சறுக்குக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ" என்று மச்சாள் சொல்ல, அவனும் என் மகளும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போனார்கள். "நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வாறம்" என்று மச்சாளும் அந்தப் பெண்ணும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன். மச்சாள் தோளில் கைவைத்து அமத்தினாள். "நீங்கள் இருங்கோ. இவர் தனிய இருப்பார்தானே."

அதுதான் சங்கதி. பெடியனையும் பெட்டையையும் தனிய அனுப்பியாச்சு. இங்கே பெரியவர்கள் சீதனம் கதைக்கவேண்டும். நான் பெண்ணின் தாய், அவர் மாப்பிள்ளையின் தகப்பன்.

அவர் துவாய்ப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வேலை கஷ்டமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அரியாலையிலை வீடு எண்டு சொன்னவை" என்றார். ஓம் என்றேன். எவ்வளவு வடிவாக வருகிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். "கிணத்துத் தண்ணி எப்பிடி? உவரோ, நல்ல தண்ணியோ?" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். சீதன வீட்டின் கிணற்றுக்கு விலை மதிக்கிறார் இந்த மனிதர்!

"ஐயா, ஒளிச்சு மறைச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது," என்றேன். "என்ரை பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிருக்கு. அவள் படிக்கப் போறாள். அவளை இப்ப கட்டிக் குடுக்கிற யோசனை எனக்கு இல்லை. உங்கடை மோனுக்கு வேறை இடம் பாருங்கோ. என்ரை வீடு, என்ரை கிணறு, அதிலை உவர் இருந்தா உங்களுக்கென்ன, தேன் இருந்தா உங்களுக்கென்ன?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"மோனோ?" என்றார். "உவன் என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை. அவனுக்கு வாற தையிலை கலியாணம்."

"அப்ப நீங்கள்?"

"நான் கட்டேல்லை." துவாய்ப் பையை மடியில் இருந்து கீழே வைத்தார். "நான் உங்கடை மகளைப் பார்க்க வரேல்லை. உங்களைத்தான் பார்க்க வந்தனான்."

என் காதுக்குள் தண்ணிச் சறுக்கின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. என்னையா? நாற்பத்தி நாலு வயதில், தலையில் மைபூசி, தோளில் சேலையை இழுத்து மூடிக்கொண்டு இருக்கிற என்னையா?

"உங்களுக்குச் சொல்லிப்போட்டம் எண்டுதான் எனக்குச் சொன்னவை," என்றார். அவருடைய முகம் காது வரை சிவந்துபோயிருந்தது. "சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்கடை மகளிட்டை அப்பவே கேட்டனான், அம்மாவுக்குச் சம்மதமோ எண்டு. ஓம் எண்டவ."

"என்ரை மகளிட்டையோ?"

"அவதான் எனக்குப் போன் எடுத்தவ. குடிப்பியளோ, கடன் இருக்கோ, ஏன் இவ்வளவு காலமும் கட்டேல்லை எண்டு என்னைப் பிழிஞ்செடுத்தவ. பொலிசிலையும் என்னை உப்பிடி விசாரிச்சதில்லை."

நான் எழும்பிவிட்டேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்ததே ஞாபகமில்லை. கொதிக்கிற சீமெந்தில் வெறுங்காலோடு சறுக்கின் அடிக்குப் போனேன். மகள் அப்போதுதான் சறுக்கி விழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு தண்ணிக்குள்ளால் ஏறி வந்தாள். என் முகத்தைக் கண்டதும் நின்றாள்.

"எடியே, ஆரைக் கேட்டு என்னைச் சந்தைக்குக் கொண்டுவந்தனீ?" என்று கத்தினேன். எனக்கு வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "உன்ரை அப்பா போய்ச் சேர்ந்திட்டார் எண்டு உனக்குத் தாய் பாரமாப் போச்சோ? ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கோ தலைக்கு மை பூசி விட்டனீ?"

"பாரம் எண்டு ஆர் சொன்னது?" என்று அவளும் கத்தினாள். அவளுக்கும் என் வாய்தான். "நான் கண்டிக்குப் போனா அந்த வீட்டிலை நீங்கள் தனிய. கதவை நாலு தரம் பூட்டிப் பார்ப்பியள். ஒருநேரம் சமைச்சு மூண்டு நேரம் சாப்பிடுவியள். ஆரோடை சண்டை பிடிப்பியள்? சொல்லுங்கோ, ஆரோடை சண்டை பிடிப்பியள்?"

கால் சுட, ஈரம் கிடந்த இடத்துக்குத் தள்ளி நின்றேன்.

"நான் போகேல்லை," என்றாள். "வாற கிழமை பதிவு முடியுது. முடிஞ்சா முடியட்டும். யாழ்ப்பாணத்திலை ஏதாவது படிக்கிறன். உங்களைத் தனிய விட்டிட்டுப் போறதெண்டா எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம்."

அப்படியானால் மாப்பிள்ளையும் இல்லை, கனடாவும் இல்லை. அந்தப் பிள்ளை பதியாமல் இழுத்தது என்னாலேதான். இவ்வளவு நாளும் யார் இவளை மறிக்கிறார்கள் என்று நான் ஊர் முழுக்கத் தேடினேன்.

மச்சாள் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் உருகி வழிய ஓடிவந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "நீயோடி இதுக்குத் தரகு? உன்ரை கூடப்பிறந்த அண்ணையின்ரை பெண்சாதியை இன்னொருத்தனுக்குப் பேச உனக்கு மனசு வந்ததோ?"

அவள் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து முதன்முறையாக அவள் சிரிக்காமல் என்னோடு கதைத்தாள். "செத்தது அண்ணை, மச்சாள். நீங்கள் சாகேல்லை. நீங்கள் இன்னொரு வாழ்க்கை வாழலாமெண்டு ஊரிலை ஆர் சொல்லுவினம்? உங்கடை ஆக்கள் சொல்லுவினமோ? அண்ணையின்ரை தங்கச்சி நான் சொன்னாத்தான் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். அதுதான் நான் சொல்லுறன்." சொல்லிவிட்டு அழுதாள். ஐஸ்கிரீம் அவளுடைய முழங்கையால் ஒழுகியது. அவளை எத்தனை நாள் கசவாரம் என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

நான் அவர்களை விட்டு நடந்து ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் போய் நின்றேன். கால் பொசுங்கிப்போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் வந்தார். என் செருப்பைக் கொண்டுவந்து, கையில் தராமல், எட்ட வைத்துவிட்டு நின்றார்.

"நாங்கள் வெளிக்கிடுறம்," என்றார். "ஒரு விசயம் மட்டும் சொல்லலாமோ?"

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"பிள்ளையிட்டை, யோசிக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவ பதிஞ்சு, போய்ச் சேரட்டும். பிறகு, வேண்டாம் எண்டு எனக்கு ஒரு சொல்லு அனுப்புங்கோ. நான் கோவிக்கமாட்டன். ஏன் எண்டும் கேக்கமாட்டன்."

எனக்குத் திரும்பவும் பழைய குணம் வந்துவிட்டது. இந்த மனிதர் ஏன் எனக்காகப் பொய் சொல்லத் தயாராக நிற்கிறார்?

"உங்களுக்கு இதிலை என்ன லாபம்?" என்று கேட்டேன்.

அவர் தூரத்தில் மச்சாளோடு நின்ற தங்கையைக் காட்டினார். "எங்கடை அப்பா வேளைக்கே செத்துப்போட்டார். மூண்டு தங்கச்சிமாரையும் நான்தான் பார்த்தனான். உவ கடைசி. உவவுக்கும் கம்பஸ் கிடைச்சது. அண்ணையைத் தனிய விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு நிண்டிட்டா. நானும் போ எண்டு துரத்தேல்லை. எனக்கும் வீட்டிலை ஆள் இருந்தது வசதியாத்தான் இருந்தது." தங்கை நின்ற பக்கம் திரும்பவும் பார்த்தார். "உவ அதைப் பற்றி இண்டை வரைக்கும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு."

அந்தக் கதையில் உரசிப் பார்க்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சப்பாத்துக்குள் தண்ணி போயிருக்கவேண்டும், ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிப்பு வந்ததற்கு என்னை நானே ஏசிக்கொண்டேன்.

மகள் துவாயைப் போர்த்துக்கொண்டு குடை மேசையில் தனிய இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"யோசிக்கிறன்," என்றேன்.

"என்னத்தை?"

"நீங்கள் எல்லாரும் சேர்ந்து கொண்டுவந்த விசயத்தைத்தான். நீ முதல் பதி. பதிஞ்சிட்டுப் போய்ப் படி. நான் இஞ்சை இருந்து யோசிக்கிறன்."

அவள் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "உண்மையாவோ? இல்லாட்டி என்னைக் கலைக்கிறதுக்குச் சொல்லுறியளோ?"

"உண்மையாத்தான்," என்றேன்.

அவளை அனுப்புவதற்கு ஒரு பொய் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சொல்லி முடிந்த பிறகு அதைப் பொய் என்று தள்ளிவைக்க என்னால் முடியவில்லை. கண்ணால் தண்ணி கொட்டத் தொடங்கியது.

அவள் போனை எடுத்து, அந்த ஈரக்கையோடேயே பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏனம்மா அழுகிறியள்?" என்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்?" என்றேன். "அதைப் பதிஞ்சிட்டுப் போய் உடுப்பை மாத்து, தடிமன் பிடிக்கப் போகுது."